காம்போசிட் கணக்கு

அந்தக் காலத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் கணக்குப் பாடம் இரண்டாகப் பிரியும். ஒன்று ஜெனரல் மேத்ஸ். வட்டி, சதவீதம், பரப்பளவு என்று போகும். உட்கார்ந்து படித்தால் தொண்ணூறு வாங்கலாம். இன்னொன்று காம்போசிட் மேத்ஸ். அதில் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் ஆளை மிரட்டும். தேற்றத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுத் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு தேற்றத்துக்குப் பின்னாலும் 'ரைடர்' என்று புதுக் கணக்குகள் காத்திருக்கும். அவற்றுக்கு வழியை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். மதுரையில் பையன்கள் பள்ளிகளில் அதை எடுக்கப் போட்டி இருந்தது. பெண்கள் பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்த வகுப்பே கிடையாது.

மேலமாசி வீதியை ஒட்டியிருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அது இருந்தது. 1969 ஜூனில் வகுப்பாசிரியை வந்து, "காம்போசிட் யாருக்கு வேணும்?" என்று கேட்டபோது ஸ்யாமளா யாரையும் கேட்காமல் கையைத் தூக்கினாள். எட்டாம் வகுப்பில் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டியம்மாளும் தூக்கினாள். பாண்டியம்மாள் எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மதுரையில் அரசு ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கணக்கு சுலபம், எது கஷ்டம் என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. "நீ தூக்குனியேன்னுதான் நானும் தூக்குனேன்" என்று பிற்பாடு பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

காம்போசிட் பாடம் நடத்தியவர் சுந்தரம்மாள் டீச்சர். விடை சரியாக இருந்தாலும், நடுவில் ஒரு வரிக்குக் காரணம் எழுதாமல் விட்டால் அந்தக் கணக்குக்கே சைபர் போடுவார். முதல் காலாண்டுத் தேர்வில் ஸ்யாமளாவுக்கு முப்பத்தொன்று. பாண்டியம்மாளுக்கு இருபத்திரண்டு.

ஸ்யாமளாவின் அப்பா கைலாசநாதன் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். மகளின் படிப்பைப் பற்றி அவருக்குப் பெரிய கனவுகள் உண்டு. அவற்றை வெளியே சொல்லமாட்டார். ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், கணக்குக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார்.

"புதுசுப்பா. போகப் போகச் சரியாயிடும்" என்றாள் ஸ்யாமளா.

அரையாண்டில் முப்பத்தெட்டு வந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேஜை சிவசங்கரனிடம் கைலாசநாதன் அதைச் சொல்லிவிட்டார். சிவசங்கரன் அந்த விஷயத்தில் அடிபட்டவர்.

"உடனே மாத்துங்க சார். என் பையனும் காம்போசிட்தான். கணக்குல நாப்பத்தஞ்சு. அதனால டோட்டல் படுத்துருச்சு. போன வருஷம் ஒரு காலேஜ் பாக்கியில்லாம ஏறி இறங்குனேன். டோட்டல் எம்புட்டுன்னுதான் கேக்குறான். நீ படிச்சது எந்தக் கணக்கு, உங்க டீச்சர் எப்படித் திருத்துனாங்கன்னா சார் கேக்குறான்? ஜெனரல்ல தொண்ணூறு வாங்குன பய உள்ள போயிட்டான், என் பய வெளிய நின்னான்."

அன்றைக்கு இரவு கைலாசநாதனுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வைகைப் பாலத்தைத் தாண்டி நேராகப் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை அவரை உட்காரச் சொல்லி, சொன்னதைக் கேட்டு, அதிகம் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார்.

"நீங்களா வந்து கேட்டது நல்லதாப் போச்சு சார். கெட்டிக்காரப் பொண்ணு, வீணா மார்க்கைக் கெடுத்துக்குது. எனக்கும் பாஸ் பர்சென்டேஜ்னு ஒண்ணு இருக்குல்ல?"

கைலாசநாதனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் வட்டத்தின் தொடுகோட்டைப் பற்றிய ஒரு ரைடரை வகுப்பில் யாராலும் போட முடியாமல், ஸ்யாமளா எழுந்து போய்க் கரும்பலகையில் போட்டாள். ஒரு வரிக்கும் காரணம் விடுபடவில்லை. சுந்தரம்மாள் டீச்சர் முழுவதையும் படித்துவிட்டு, "சரி, உக்காரு" என்றார். அந்த வகுப்பில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. சாயங்காலம் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யோசனையோடு வந்து, யோசனையோடே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பியூன் கொண்டுவந்த சீட்டை சுந்தரம்மாள் டீச்சர் இரண்டு தடவை படித்தார்.

"ஸ்யாமளா, நீ பி செக்‌ஷனுக்குப் போகணுமாம். ஜெனரல்."

"நான் கேக்கலையே டீச்சர்."

"உங்கப்பா வந்து கேட்டிருக்கார்."

அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். பாண்டியம்மாள் அவள் பாவாடை நுனியைப் பிடித்து, "எங்கடி போற?" என்று கேட்டாள். ஸ்யாமளா அதை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வீட்டில் அப்பா கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் பேச்சை எடுத்தார். "உன் நல்லதுக்குத்தாம்மா பண்ணினேன். நாளைக்குக் காலேஜ்ல கேக்கறச்சே மார்க்குதான் பேசும்."

"சரிப்பா" என்றாள்.

அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதன்பின் பள்ளியில் நடந்த எதையும் அவள் தானாக வந்து அவரிடம் சொன்னதில்லை. அதை முதலில் கவனித்தது அம்மா வாலாம்பாள்தான். அவளும் வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

1972 மே கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. ஸ்யாமளா பள்ளியில் இரண்டாவது. கணக்கில் தொண்ணூற்றேழு. கைலாசநாதன் அலுவலகத்துக்கு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனார். சிவசங்கரன் முதுகில் தட்டி, "நான் சொன்னேன்ல?" என்றார். பாண்டியம்மாள் கணக்கில் ஐம்பத்தாறோடு பாஸாகியிருந்தாள். இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி எல்லையைத் தாண்டியிருந்தாள். மொத்த மதிப்பெண் ஸ்யாமளாவை விட நூறுக்கு மேல் குறைவு.

கல்லூரியில் பி.யு.சி. என்ற ஒரு வருஷப் படிப்பு. அதில் முதல் குரூப் கணக்கு, பௌதிகம், ரசாயனம். ஸ்யாமளா அதைத்தான் கேட்டாள். பி.எஸ்ஸி. கணக்கு, அதற்கப்புறம் எம்.எஸ்ஸி. என்று மனதுக்குள் ஒரு பாதையை அவள் விடாமல் வைத்திருந்தாள். முதல் குரூப்புக்குக் காம்போசிட் படித்திருக்க வேண்டும் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். ஜெனரலில் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் பெண்கள் கல்லூரியில் எடுத்துக்கொள்வார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். அவள் இரண்டாவதை நம்பினாள்.

"உன் மார்க்குக்கு எந்த குரூப் கேட்டாலும் கூப்பிட்டுக் குடுப்பான்" என்றார் அப்பா.

கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் இடத்தில் ஆண்டிச்சாமி என்ற வயதான கிளார்க் இருந்தார். மதிப்பெண்களைப் பார்த்து முகம் மலர்ந்தவர், அடுத்த வரியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெனரல் மேத்ஸா? முதல் குரூப்புக்கு இதை வாங்க முடியாது சார். ரெண்டாவது, மூணாவது குரூப்புன்னா இப்பவே சீட்டு."

"தொண்ணூத்தேழு வாங்கியிருக்கா!"

"நூறே வாங்கியிருந்தாலும் வாங்க முடியாது சார். நீங்க வேணா மேடத்தைப் பாருங்க."

கணக்குத் துறைத் தலைவி நரைத்த கொண்டையும் கதர்ச் சேலையுமாக இருந்தார். கைலாசநாதன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பொண்ணால படிக்க முடியாதுன்னு நான் சொல்லலை. யூனிவர்சிட்டி ரூல். நான் சேத்துக்கிட்டாலும் அங்க திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா சார்? வருஷா வருஷம் முதல் குரூப்புல எனக்கு இடம் காலியாத்தான் கிடக்கு. காம்போசிட் படிச்ச பொண்ணுங்களே வர்றதில்லை. இப்படித் தொண்ணூறும் தொண்ணூத்தஞ்சும் வாங்கின பொண்ணுங்களை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டு, உள்ள பாதி பெஞ்சுக்குப் பாடம் நடத்துறேன்." பிறகு ஸ்யாமளா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்வளவு நல்லாப் படிக்கிறே. நீயா ஜெனரல் எடுத்தே?"

ஸ்யாமளா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆமாம் மேடம்" என்றாள்.

இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். அப்போதுதான், "ஸ்யாமளா!" என்று கூப்பிட்டுக்கொண்டே பாண்டியம்மாள் ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா உக்கிரபாண்டி. உயரமான மனிதர், தோளில் துண்டு. விடிகாலைப் பஸ்ஸில் எழுமலையிலிருந்து புறப்பட்டு, உசிலம்பட்டியில் மாறி வந்திருந்தார்.

"சார்தான் ஸ்யாமளா அப்பாவா? ஒரு ஒத்தாசை பண்ணணும் சார். இம்புட்டும் இங்கிலீசுல இருக்கு. இது கையெழுத்தும் கோழி கிண்டுனாப்புல இருக்கும். கொஞ்சம் எழுதிக் குடுங்க."

விண்ணப்பத்தோடு மதிப்பெண் சான்றிதழையும் நீட்டினார். கைலாசநாதன் அதைப் பார்த்தார். ஒவ்வொரு பாடமாகப் பார்த்தார். சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மார்க்குக்கா? யார்மேல் கோபம் என்று அவருக்கே விளங்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விதம் அவரை நகரவிடவில்லை. மரத்தைச் சுற்றியிருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

பெயர், ஊர், தகப்பனார் பெயர், தொழில் என்று எழுதிக்கொண்டே வந்தவர் 'குரூப்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"முத குரூப்தான் சார்" என்றாள் பாண்டியம்மாள். "சுந்தரம்மாள் டீச்சர் அதான் போடச் சொன்னாக. எனக்குக் கிடைக்குமா சார்?"

"கிடைக்கும்மா. கண்டிப்பாக் கிடைக்கும்" என்றார். எழுதிக் கொடுத்தார்.

"கணக்குல இது எம்புட்டு வாங்குச்சுன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது சார்" என்று உக்கிரபாண்டி சிரித்தார். "பாஸுன்னு சொன்னாக. சரி, படிக்கட்டும்னு கூட்டியாந்தேன். தங்கச்சி மகன் மலையாண்டிக்குக் கேட்டுக்கிட்டு இருக்காக. ஒரு வருசம் போகட்டும்னு சொல்லியிருக்கேன்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. கோரிப்பாளையம் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"ஏம்மா மேடம்கிட்ட நீயா எடுத்தேன்னு சொன்னே?"

"அந்த மேடத்துக்கு முன்னாடி உங்களை நிறுத்த வேண்டாம்னு தோணித்து."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் சலவைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"அப்பா, இனிமே எனக்காகப் போய் எதையும் மாத்தாதீங்கோ. மாத்தணும்னு தோணினா என்கிட்டச் சொல்லுங்கோ. நான் கேட்டாலும் கேப்பேன், கேக்காட்டாலும் போறது. ஆனா என்கிட்டச் சொல்லுங்கோ."

"முன்னேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. எனக்கு வேண்டாம்னு."

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

அடுத்த ஒரு வாரம் கைலாசநாதன் லீவு போட்டுவிட்டு அலைந்தார். வேறு இரண்டு கல்லூரிகளுக்குப் போனார். பல்கலைக்கழக அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில். கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது, ஸ்யாமளா திரும்ப ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து காம்போசிட் எடுத்தால் என்ன என்று ஆரம்பித்தார். வாலாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சுடுத்தா? பதினாறு வயசுப் பொண்ணு, சின்னக் குழந்தைகளோட போய் உக்காரணுமா?"

ஸ்யாமளா மூன்றாவது குரூப்பில் சேர்ந்தாள். பொருளாதாரம், வரலாறு, தர்க்கவியல். ரசாயனமும் உயிரியலும் உள்ள இரண்டாவது குரூப் எடுக்கலாமே என்று ஆண்டிச்சாமி சொன்னார். தவளையை அறுக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். முதல் மாதம் முழுவதும் காலேஜ் பஸ்ஸில் ஏறும்போதே அவளுக்கு அழுகை முட்டும். முதல் குரூப் வகுப்பு இருந்த மாடிப்படிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவாள். பிறகு தர்க்கவியல் வகுப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப்போனது. ஒரு கூற்றிலிருந்து இன்னொன்று எப்படி வருகிறது, எங்கே உடைகிறது என்பதில் அவளுக்குப் பழக்கமான ஒரு சுகம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பாண்டியம்மாளுக்கு அந்த மாடியில் வேறு விதமான கஷ்டம். பாடமெல்லாம் இங்கிலீஷ். முதல் பரீட்சையில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் ஃபெயில். கணக்கிலும் மயிரிழைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலில் சொல்லிவிட்டு, வடக்குமாசி வீதிச் சந்தில் இருந்த ஸ்யாமளா வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஸ்யாமளா அவளுக்கு இங்கிலீஷ் பாடங்களைத் தமிழில் சொல்லி, திரும்ப இங்கிலீஷில் எழுத வைப்பாள். ஓய்வில் பாண்டியம்மாளின் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டிருப்பாள். சில சமயம் பென்சிலும் எடுப்பாள். வாலாம்பாள் முதலிரண்டு வாரம் ஹாலிலேயே காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அந்தப் பெண் அடுக்களை வாசலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே பாடம் ஒப்பிப்பது வழக்கமாகிவிட்டது.

கைலாசநாதன் அந்த நேரங்களில் பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்திலேயே இருப்பார். ஒரு பக்கமும் திரும்பாது.

ஒரு ஞாயிறு பாண்டியம்மாள் சோர்ந்து வந்திருந்தாள். ரசாயனத்தில் மறுபடி ஃபெயில்.

"விட்டுறலாமான்னு இருக்குடி. அப்பாவும் ஒரு வருசம்னுதான் சொல்லியிருக்காக."

"உனக்கு விடணும்னு இருக்கா?" என்றாள் ஸ்யாமளா.

பாண்டியம்மாள் யோசித்தாள். "இல்ல. பெயிலு மார்க்கு எனக்குப் புதுசா என்ன? ஒம்பதாவதுல இருபத்திரண்டுல ஆரம்பிச்சவதானே. அப்பவும் தெனம் அழுதேன். ஜெனரலுக்கு மாத்தி விடுங்கன்னு எங்கப்பாகிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். அவருக்கு வெவரம் தெரிஞ்சிருந்தா அப்பவே வந்து மாத்திவிட்டிருப்பாரு. பாசக்கார மனுசன். நல்லவேளை, தெரியல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பேப்பருக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கைலாசநாதன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தார். வரும்போது இரண்டு பெண்களுக்கும் பக்கோடா வாங்கி வந்திருந்தார்.

1973 ஜூன். ஸ்யாமளாவின் தங்கை சாவித்ரி ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். அதே பள்ளி. பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே கைலாசநாதன் சொல்லிவிட்டார்: "நீ காம்போசிட்தான் எடுக்கறே. ஜெனரல்ங்கற பேச்சே இந்த ஆத்துல கிடையாது."

சாவித்ரிக்குக் கண் கலங்கியது. அவளுக்குக் கணக்கு வராது. எட்டாம் வகுப்பில் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை. வரலாறும் தமிழும் என்றால் கதை மாதிரி சொல்லுவாள். கோயிலுக்குப் போனால் தூண் தூணாக நின்று, யார் கட்டியது, எப்போது கட்டியது என்று கேட்டுக் குருக்களைத் தொந்தரவு செய்வாள்.

"அப்பா, என்னால முடியாதுப்பா."

"முடியாதுன்னு ஒண்ணு கிடையாது. ட்யூஷன் வைக்கறேன். ராத்திரி நானே உக்காந்து சொல்லித் தரேன். கஷ்டப்பட்டாத்தான் நாளைக்குக் காலேஜ்ல எந்தக் கதவும் சாத்தாது. உங்கக்காவைப் பாரு."

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த ஸ்யாமளா குடத்தை இறக்கி வைத்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கணும்?"

"நீ பேசாம இரு ஸ்யாமளா."

"அவளைக் கேட்டேளா?"

"என்னத்தைக் கேக்கறது? பதிமூணு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும்? உனக்குப் பண்ணின தப்பை இவளுக்கும் பண்ணச் சொல்றியா?"

"அதையேதான்பா பண்றேள்."

கைலாசநாதன் அதிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்குக் கஷ்டமானதுலேர்ந்து எடுத்து சுலபமானதுல போட்டேள். இன்னைக்கு சுலபமானதுலேர்ந்து எடுத்து கஷ்டமானதுல போடறேள். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு ஜெனரல் கிடைச்சதுதான் தப்புன்னு இத்தனை நாள் நெனச்சிண்டிருக்கேளா? நான் அன்னைக்கு அந்த ரைடரைப் போட்டேம்ப்பா. போர்டுல எல்லார் முன்னாடியும் போட்டேன். உங்ககிட்டச் சொல்லணும்னு காத்திண்டிருந்தேன். நீங்க மறுநாள் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துட்டேள்."

நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. வாலாம்பாள் ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாள். சாவித்ரி என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கைலாசநாதன் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்தார். அழுகை ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "எந்த ரைடர்?"

ஸ்யாமளா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எதுக்கு?"

"சொல்லேன்."

அவள் சொன்னாள். ஒரு வட்டம், வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு தொடுகோடுகள். எதை எதோடு சேர்க்க வேண்டும், ஏன் சேர்க்க வேண்டும் என்று விரலாலேயே தரையில் கோடு போட்டுக் காட்டினாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கடைசி வரி வரை கேட்டார். முடிந்ததும் "நன்னாப் போட்டிருக்கே" என்றார். அவள் எழுந்து போகவில்லை.

மறுநாள் சாவித்ரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உனக்கு எது வேணும், சொல்லு."

சாவித்ரி திருப்பிக் கேட்டாள்: "ஜெனரல் எடுத்தா பின்னாடி எதெல்லாம் படிக்க முடியாதுப்பா?"

அந்தக் கேள்வி அவரைத் தடுமாற வைத்தது. பெரியவளுக்காக அலைந்தபோது ஒரு கதவு சாத்தியிருக்கிறது என்பதை மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தார். அன்று மாலை கல்லூரிக்குப் போய் ஆண்டிச்சாமியைப் பார்த்தார். அவர் பழைய ப்ராஸ்பெக்டஸ்களை எடுத்துக் கொடுத்து, எந்தக் கணக்குக்கு எந்தப் படிப்பு என்று நிதானமாக விளக்கினார். வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து கைலாசநாதன் எல்லாவற்றையும் சொன்னார். இன்ஜினீயரிங் போகும். கணக்கு, பௌதிகம் போகும். வரலாறு, தமிழ், பொருளாதாரம் எல்லாம் இருக்கும். சாவித்ரி கவனமாகக் கேட்டாள். நடுநடுவே அக்காவைப் பார்த்துக்கொண்டாள்.

"பின்னால வருத்தப்படமாட்டியே?" என்றார்.

"தெரியலைப்பா. பட்டா நான்தானே படப்போறேன்."

பள்ளி திறந்த அன்று அவளோடு நடந்து போனார். வாசலில் தலைமையாசிரியை அவரை அடையாளம் கண்டுகொண்டு, "உள்ள வாங்க சார். ரெண்டாவது பொண்ணா? எந்த மேத்ஸ்?" என்று கேட்டார்.

"அவளே சொல்லுவா" என்றார் கைலாசநாதன்.

சாவித்ரி ஜெனரல் எடுத்தாள். ஸ்யாமளா பி.யு.சி.யில் நல்ல மார்க்கோடு தேறி, அதே கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தாள். பாண்டியம்மாள் இங்கிலீஷிலும் ரசாயனத்திலும் ஃபெயிலானாள். உக்கிரபாண்டி ஊரிலிருந்து வந்து, கூடத்துப் பெஞ்சில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். "இது என்னமோ செப்டம்பர்ல இன்னொருக்கா எழுதணும்ங்குது. மாப்ள வீட்டுல நெருக்குறாக. நான் என்ன செய்ய சார்?" என்று கைலாசநாதனிடம் கேட்டார்.

கைலாசநாதனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அவ என்ன சொல்றா?"

"எழுதுறேங்குது."

"அப்ப எழுதட்டுமே."

உக்கிரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே அவர் மகள் தரையில் புத்தகத்தை விரித்து வைத்து, ஸ்யாமளாவோடு ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரி, எழுதட்டும்" என்றார் அவர். "அப்ப நான் மூணு மணி வண்டிக்குப் போறேன் சார். மலையாண்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

செப்டம்பரில் பாண்டியம்மாள் இரண்டையும் எழுதினாள். இங்கிலீஷ் தேறியது. ரசாயனம் தேறவில்லை. அதை மறுபடி எழுதி முடிக்க அடுத்த ஏப்ரல் ஆயிற்று. அதற்கடுத்த ஜூனில், கதர்ச் சேலை மேடத்தின் பாதி காலியான வகுப்பில், பி.எஸ்ஸி. கணக்கின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மலையாண்டிக்கு அதற்குள் வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள்.